மணியடிக்க வராத பறவை

மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுகளைப் பார்க்க அதிகாலையில் ஓட வேண்டியதில்லை. கனமான பறவை; வெயில் ஏறி, நிலம் சூடாகி, காற்று மேலெழும்பினால்தான் அதுவும் எழும். சீகூர்ப் பக்கம் ஒரு மேட்டில் நின்று ஒன்பதரை மணிவரை வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒன்று வந்தது. அடுத்து மூன்று. இறக்கையை அடிக்காமலே வட்டமிட்டு ஏறின. ஒன்று சாய்ந்து திரும்பியபோது முதுகின் கீழே வெள்ளை தெரிந்தது. வெண்முதுகுப் பாறு. ஆற்றோர நீர்மருத மரங்களில் கூடு கட்டி, ஆண்டுக்கு ஒரே முட்டை இடும்.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையில் இந்த இனம் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு அழிந்தது. யாரும் வேட்டையாடவில்லை. காரணம் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து. ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்தால் மருந்து உடலிலேயே தங்கியிருக்கும்; அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். பாகிஸ்தானில் செத்து விழுந்த பறவைகளை ஆராய்ந்து 2004இல் இதை வெளியிட்டார்கள். நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் அழியப் போதும் என்று கணக்கிட்டார்கள். கூட்டமாக வந்து உண்ணும் பறவை அல்லவா.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள்: மாட்டின் வலியைப் போக்க நினைத்த கருணைதான் பாறுகளைக் கொன்றது, இதில் குற்றவாளி என்று யாருமில்லை. நானும் நெடுநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் ஊர் தூத்துக்குடி, மில்லர்புரம். 2008இல் வீட்டில் ஒரு கிழட்டுப் பசு இருந்தது. கால் வீங்கி நொண்டியது. விற்க முடிவு செய்திருந்தோம். அப்பா சொன்னார்: "ஏல, நொண்டிக்கிட்டு நின்னா எவன் வாங்குவான்? ஒரு ஊசியப் போட்டு விடு." மாட்டுக்கான டைக்ளோஃபினாக்கை அரசு 2006இலேயே தடை செய்திருந்தது. அதனாலென்ன, மனிதர்களுக்கான மருந்து பெரிய குப்பியில் கிடைத்தது. தடை பற்றிப் பேப்பரில் படித்திருந்த நான்தான் போய் வாங்கி வந்தேன். "இங்கன ஏது கழுகு?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பசு நேராக நடந்தது. நல்ல விலைக்குப் போனது. லாரியில் எந்தத் திசைக்குப் போனது, எங்கே செத்தது என்று கேட்கவில்லை.

அதற்குப் பெயர் கருணையா? வலி போனது உண்மை. ஆனால் ஊசி போட்டது விலைக்காக.

மனுநீதிச் சோழன் கதையில் இளவரசன் கன்றை வேண்டுமென்று கொல்லவில்லை. தேர்க்காலில் தானே வந்து விழுந்தது. அறியாமல் நடந்ததற்குத் தண்டனையா என்று அந்தக் கதை எப்போதும் என்னை உறுத்தும். இப்போது வேறொன்று தோன்றுகிறது. அறியாதவனை மன்னிக்கலாம்தான். ஆனால் பசு மணியடித்த பிறகு அரண்மனையில் அறியாதவர் என்று யாரும் இல்லை. அதற்குப் பிறகு காதைப் பொத்திக்கொள்வது வேறு கணக்கு.

பாறு வந்து மணியடிக்காது. அதற்காக 2004இல் மனிதர்களே அடித்தார்கள். மெலாக்சிகாம் பாறுகளைக் கொல்லாது என்று 2006இல் மாற்றும் காட்டினார்கள். மனிதர்களுக்கான ஊசிக் குப்பியை 3 மில்லியாகச் சுருக்க 2015வரை ஆனது. நடுவில் இருந்த ஆண்டுகள் அறியாமையின் ஆண்டுகள் அல்ல. அவற்றில் ஒன்று என்னுடையது.

என் ஒரு குப்பியால் ஒரு பறவையும் செத்திருக்காது என்றே வைத்துக்கொள்வோம். வாங்கிய ஒவ்வொருவரும் அதையேதான் நினைத்திருப்பார்கள். தங்கள் தெருவில் பாறு இல்லை என்றுதான் எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

பத்தரை மணிக்கு அந்த நான்கும் புள்ளிகளாகி மறைந்தன. எங்கோ ஒரு சாவை மேலிருந்து பார்த்திருக்க வேண்டும். அந்த இறைச்சி சுத்தமாக இருக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.