குடிலின் அளவு

சக்கரத்தின்மேல் நகரும் சிறு மரக்குடிலில் வாழ்வதே சுகமென்று இக்காலத்துச் செல்வர் சிலர் கருதுகின்றனர். அது நன்றோ? ஆசையைக் குறைக்குமாயின் நன்றே.

பிக்ஷு தமக்கென யாசித்துக் கட்டும் குடிலுக்கு, புத்தரின் சாணால் நீளம் 12, அகலம் 7 என்று விநயம் வரையறுத்தது. ஆயினும் அளவு மட்டுமே அறமாகாது. இராசகிருகத்தில் குயவர் மகனாகிய தனியர் என்னும் பிக்ஷுவின் புற்குடிலை விறகு பொறுக்குவோர் மும்முறை பிரித்துச் சென்றனர். பின்னர் அவர், மன்னன் அளித்ததெனக் கூறி, பிம்பிசாரனின் மரங்களை எடுத்துக் குடில் கட்டினார். அதன்பொருட்டே, கொடாததைக் கொள்ளலாகாது என்னும் விதியைப் பகவான் பிக்ஷுக்களுக்கு வகுத்தார். குடில் சிறிது, குற்றம் பெரிது.

நம் பெங்களூரில் மாளிகை எழுப்பும் கூலியாளர் வாழும் தகரக் கொட்டகையும் வேலை முடிந்ததும் இடம் பெயர்கிறது. அவரிடம், “உள்ளது போதுமென்றிரு” எனப் போதித்தல் தம்மமாகுமோ? ஆகாது. 12 சாண் துறவி விரும்பி ஏற்ற அளவு. ஏழையின்மேல் அதனைச் சுமத்தலாகாது. இல்லறத்தாராகிய அனாதபிண்டிகர் தம் பொருளால் ஜேதவனத்தில் பிறர்க்கு உறைவிடம் அமைத்தார்.

ஆகவே, தனக்குச் சிறு குடில் போதுமென்போன், பிறர்க்கு ஒழுகாத கூரை கிடைக்க உழைப்பானாக.