போய்ச் சேர்வதைப் பார்த்தல்

தொலைதூர ரைஃபிள் சுடுதலைப் பற்றிப் படிக்கும்போது எல்லாரும் முதலில் வேகத்தைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மனம் உதையில் போய் நிற்கிறது. குண்டு முன்னே எடுத்துச் செல்லும் உந்தம் முழுவதும் துப்பாக்கி வழியாகத் தோளுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். நியூட்டனிடம் பேரம் நடக்காது.

கணக்கை எழுதிப் பார்க்கிறேன். இங்கிலாந்தின் பிஸ்லி களத்தில் 1,000 கஜத்தில் சுடுகிறவர்களின் வழக்கமான தோட்டா 7.62 மி.மீ. குண்டின் எடை 155 கிரெய்ன், அதாவது 10 கிராம். வேகம் நொடிக்கு ஏறக்குறைய 900 மீட்டர். குண்டின் உந்தம் 9 அலகு என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டாவுக்குள் இருந்த 3 கிராம் மருந்து எரிந்து வாயுவாகி, குழல்வாயில் குண்டையும் முந்திக்கொண்டு நொடிக்குச் சுமார் 1,200 மீட்டரில் பீறிடுகிறது. அது இன்னொரு மூன்றரை அலகு. தோளில் விழும் உதையில் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு இந்த வாயுவினுடையது. எந்த இலக்கையும் தொடாமல் காற்றில் கலந்துவிடும் வாயு.

இந்த இடத்தைவிட்டு என்னால் சீக்கிரம் நகர முடிவதில்லை. மருந்தை ஏற்ற ஏற்ற வேகம் அதே விகிதத்தில் ஏறுவதில்லை. உதையோ குண்டுக்காக ஒருமுறை, வாயுவுக்காக ஒருமுறை ஏறுகிறது. கடைசியாகச் சேர்க்கும் கொஞ்சம் வேகத்துக்குத்தான் தோள் அதிக விலை கொடுக்கிறது.

இப்போது 6 மி.மீ. சிறு தோட்டா. குண்டு 6.8 கிராம், மருந்து 2 கிராம், வேகம் 870 மீட்டர். இரண்டையும் 5 கிலோ துப்பாக்கியில் வைத்துப் பார்த்தால், முதலாவதன் உதை ஆற்றல் 15 ஜூலுக்குச் சற்று மேல், இரண்டாவதனுடையது 7. வேகத்தில் விட்டுக்கொடுத்தது 30 மீட்டர்தான். உதை பாதிக்கும் கீழே போய்விட்டது.

அப்படியானால் காற்று? வேகம் குறைந்த குண்டு காற்றில் அதிக நேரம் இருக்கும், அதனால் அதிகம் விலகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பீரங்கி நிபுணர் இசிடோர் டிடியோன் தந்த சூத்திரம் வேறொன்றைச் சொல்கிறது. குண்டு பறந்த மொத்த நேரத்துக்கும் விலகலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. காற்றே இல்லாத வெளியில் அதே தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொண்ட நேரம் எவ்வளவு? அந்தத் தாமதத்தைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். கிளம்பிய வேகத்தைவிட, வழியில் இழக்கும் வேகம்தான் பக்கவாட்டில் தள்ளுகிறது.

6.5 கிரீட்மூர் தோட்டாவின் 9 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 820 மீட்டரில் புறப்படுகிறது. பிஸ்லிக் குண்டைவிட 80 மீட்டர் மெதுவாக. ஆனால் அது ஒல்லி, நீளம். காற்றைக் கிழிப்பதில் கெட்டிக்காரக் குண்டு. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில், 1,000 கஜத்தில், வேகமாகப் புறப்பட்டது ஏறத்தாழ 2.4 மீட்டர் விலகுகிறது. மெதுவாகப் புறப்பட்டது 2 மீட்டரோடு நிற்கிறது. உதையும் குறைவு. இதைக் கணக்கிட்டுப் பார்த்த இரவில் எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

இதற்காக வேகமே வேண்டாம் என்று எழுதிவிட முடியாது. பால்மா என்னும் தொலைதூரச் சுடுதல் போட்டியில் 800, 900, 1,000 கஜங்களில் தூரத்துக்கு 15 குண்டு. தோட்டாவையும் குண்டின் எடை வரம்பையும் விதியே வகுத்துவிட்டது. அந்த 155 கிரெய்ன் குண்டு 1,000 கஜத்தை எட்டும்போது ஒலியின் வேகத்தை நெருங்கியிருக்கும். வழியிலேயே அந்த எல்லைக்குள் இறங்கினால் ஆட்டம் கண்டு சிதறலாம். அதனால் பால்மாக்காரர்கள் 75 சென்டிமீட்டருக்கும் மேல் நீண்ட குழல் வைத்து வேகத்தைக் கறந்தெடுக்கிறார்கள். 45 உதைகளையும் படுத்தபடி வாங்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு அந்த வேகம் ஆடம்பரமில்லை.

1874-ல் நியூயார்க்கின் கிரீட்மூர் களத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் இதே மூன்று தூரங்களில் மோதின. 934-க்கு 931 என்று அமெரிக்கர் வென்றனர். கரிமருந்துக் காலம். இன்றைய குண்டின் பாதி வேகம்கூட இல்லாத, ஈயத்தாலான கனத்த குண்டுகள். உதையோ இன்றையதைவிட முரடு. ஆனாலும் ஆயிரம் கஜத்தில் விழ வேண்டிய இடத்தில் விழுந்தன. ஒவ்வொரு குண்டும் முந்தையதன் வேகத்திலேயே போவதுதான் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இன்றைய தோட்டாவிலும் நொடிக்கு 10 மீட்டர் ஏற்றத்தாழ்வு இருந்தால் 1,000 கஜத்தில் கால் மீட்டர் அளவு மேலும் கீழும் போய்விடும்.

உடம்பைப் பற்றி ஒரு குறிப்பு. குண்டு குழலைவிட்டு நீங்கும் நேரத்தில் 5 கிலோ துப்பாக்கி பின்னால் நகர்ந்திருப்பது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான். உதையின் பெரும்பகுதி, குண்டு போன பிறகே தோளுக்கு வருகிறது. பிறகு குறியைக் கெடுப்பது எது? வரப்போகும் உதைக்காக முன்கூட்டியே இறுகும் தோள், விசையை வெடுக்கென்று இழுக்கும் விரல், மூடிக்கொள்ளும் கண். பயிற்சியாளர்கள் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே டம்மி ஒன்றை ரகசியமாகச் சேர்த்து வைப்பார்கள். அது வெடிக்காதபோது குழல்முனை துள்ளுவது பளிச்சென்று தெரியும். நடக்காத உதைக்கு உடம்பு கொடுத்த பதில் அது.

இரும்புத் தகடுகளைச் சுடும் துல்லிய ரைஃபிள் போட்டிகளில் வேகத்துக்கு நொடிக்கு 3,200 அடி என்று வரம்பு உண்டு. கை தேர்ந்தவர்கள் அந்த வரம்பின் பக்கமே போவதில்லை. 6 மி.மீ. சிறு தோட்டாவை 2,800, 2,900 அடியில் வைத்துக்கொள்கிறார்கள். துப்பாக்கியை 9 கிலோ வரைகூடக் கனமாக்குகிறார்கள். மருந்து குறைவதால் குழலும் அதிக நாள் உழைக்கிறது. அவர்கள் தேடுவது, சுட்ட பிறகும் ஸ்கோப்பில் இலக்கு விலகாமல் நிற்பதை. தன் குண்டு எங்கே பட்டது என்று தானே பார்ப்பதை.

இதில் தூரத்து இலக்கைவிட அருகிலுள்ளதுதான் கடினம் என்பதை நான் முதலில் யோசிக்கவே இல்லை. 1,000 கஜத்தில் குண்டு போய்ச் சேர ஒன்றரை நொடி இருக்கிறது; உதைத்த துப்பாக்கி அடங்கி, கண் இலக்குக்குத் திரும்ப அது போதும். 300 கஜத்தில் இருப்பது நொடியில் மூன்றிலொரு பங்குதான். அதற்குள் ஸ்கோப் துள்ளி இறங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு ஆடியது மட்டும்தான் தெரியும். அதன் இடது ஓரத்தில் பட்டதா, நடுவில் பட்டதா என்று தெரிந்தால்தான் காற்றைக் கணித்தது சரியா என்பதும் தெரியும். தோட்டா தேர்ந்தெடுக்கப் போகும் எவருக்கும் வேக அட்டவணைக்கு முன்னால் இந்த மூன்றிலொரு நொடியைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.