தனிவழியும் யாத்திரையும்
யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து இலங்கையின் கிழக்குக் கரையோரமாக வரும் கதிர்காமப் பாதயாத்திரை, உகந்தை தாண்டிக் குமண, யால காடுகளுக்குள் நுழைகிறது. அதே காட்டைத் தனி வழிகாட்டியோடு நம் வேகத்தில் பார்ப்பது குறைந்த அனுபவமா? பறவையின் பெயர் அறிந்தவர் பக்கத்தில் இருந்தால் கண் கூர்மையாகும். கூட்டம் பொலித்தீன் பைகளை விட்டுச் செல்கிறது என்ற குறையும் நியாயமே. ஆனால் தனிப் பயணத்தில் நம் விருப்பமே வழியைத் தீர்மானிக்கிறது. யாத்திரையிலோ கால் கொப்பளித்தவருக்காக எல்லோரும் மரநிழலில் காத்திருக்க வேண்டும். வழிபாடு நான் என்பதைத் தளர்த்துவதென்றால், அந்தக் காத்திருப்பே அதற்கான பயிற்சி. குப்பையை ஒழுங்கால் தடுக்கலாம். தன்முனைப்பு கரையப் பிறர் வேண்டும். நோயாளிகளும் முதியவர்களும் தனித்துப் போகட்டும்; முடிந்தவர்கள் கூட்டத்தோடு நடப்பதே மேல்.