சாளரத்துக்கு வெளியே நின்றவர்கள்

பள்ளி விடுமுறையில் என் ஒன்பது வயது மகளையும் தங்கை மகனையும் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப்போனேன். தக்கலைக்கு அருகே, தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் அரண்மனை அது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததும் கருந்தரையின் குளிர்ச்சியில் இரண்டும் குதித்தன. ஊட்டுப்புரையில் ஒரு தளத்துக்கு ஆயிரம் பேர் உண்ணலாம் என்றதும் பையன், “அத்தனை எலையையும் யாரு எடுப்பா பெரியம்மா?” என்று கேட்டான். அன்றைய முதல் நல்ல கேள்வி அவனுடையதுதான்.

அரண்மனையின் மிகப் பழைய பகுதிக்குத் தாய்க்கொட்டாரம் என்று பெயர். திருவிதாங்கூர் அரசமரபில் மருமக்கள்தாயம். மன்னனுக்குப் பின் பட்டத்துக்கு வருபவன் அவனுடைய சகோதரியின் மகன். வம்சம் பெண் வழியே வந்தது. கிரீடம் பெரும்பாலும் ஆண் தலைக்கே போனது.

நவராத்திரி மண்டபத்தில் மகள் நின்றுவிட்டாள். அங்கே நடந்த நடனத்தை அரச குடும்பத்துப் பெண்கள் மரச் சாளரத்தின் துளைகள் வழியாகத்தான் பார்த்தார்கள். தானும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “நாம அப்ப இருந்திருந்தா இதுக்குப் பின்னாடிதான் இருந்திருப்போமாம்மா?”

“இல்ல மக்களே. நம்மள உள்ளயே விட்டிருக்க மாட்டாங்க.”

சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடியது. அரண்மனைக்குள் நுழைகிற எவரும் சற்று நேரம் அரச குடும்பமாகிவிடுகிறோம். தண்ணீர் சுமந்தவளாக, எச்சில் இலை எடுத்தவளாக யாரும் தன்னைக் கற்பனை செய்துகொள்வதில்லை. பெண்ணியம் படித்த நானும் இதற்கு விலக்கில்லை. அந்தச் சாளரத்தை முன்பு பார்த்தபோதெல்லாம் பின்னால் அடைபட்ட ராணிகளுக்காகவே இரங்கியிருக்கிறேன். அந்த இரக்கம் பொய்யில்லை. ஆனால் அது கோட்டைச் சுவரோடு நின்றுவிட்டது. என் பாட்டியின் பாட்டிகள் சுவருக்கு அந்தப்பக்கம், பனங்காட்டில் இருந்தார்கள்.

1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அதன் பிறகும் இந்த ஊரில் அரசாணை செல்லுபடியாகவே செய்தது. 1822இல் இதே கல்குளம் பகுதியில், மார்பை மறைத்து ஆடை உடுத்திய நாடார் பெண்கள் தாக்கப்பட்டார்கள். ஒருத்தியை மறைத்து வைப்பதும் இன்னொருத்தியை மறைக்கவிடாமல் தடுப்பதும் ஒரே சாதி ஒழுங்கின் இரண்டு கைகள். இருவரின் உடலும் இருவருக்கும் சொந்தமாக இல்லை.

அப்போது நாட்டை ஆண்டது ஒரு பெண். கௌரி பார்வதி பாய், 1815 முதல் 1829 வரை, சிறுவனான வாரிசுக்காக ஆட்சியை நடத்தியவர். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817இல் ஆணையிட்டவர். அவர் ஆட்சியில்தான், 1829 பிப்ரவரியில், நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணியக் கூடாது என்ற அறிவிப்பும் வந்தது. 1859 ஜூலையில் தடை தளர்ந்தபோதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

வெளியே மரநிழலில் முறுக்கு தின்றபடி இதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மொழியில் சொன்னேன். “அப்போ அந்த ராணி நல்லவங்களா, கெட்டவங்களா?” என்றாள் மகள்.

என்னால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடம் கொடுத்ததற்கு நன்றி சொல்லலாம். நான் இன்று கல்லூரியில் பாடம் நடத்துவதன் தொலைதூர வேர்களில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். அதற்காக அந்த அறிவிப்பை மன்னிக்க வேண்டியதில்லை. தானும் சாளரத்துக்குப் பின்னால் வளர்ந்தவர்தானே என்று விட்டுவிடவும் முடியாது. துன்பப்பட்டவள் என்பதாலேயே ஒருத்தி நியாயமானவளாகிவிடுவதில்லை. அதிகாரத்தில் ஒரு பெண் அமர்ந்தால் நாம் கைதட்டுகிறோம், தட்டலாம். தட்டிய கையோடு, அவள் இருக்கும் இடத்திலிருந்து யாரெல்லாம் அவள் கண்ணில் படுகிறார்கள் என்றும் கேட்டாக வேண்டும். இன்று வகுப்பறையில் நாற்காலி எனக்கு. அந்தக் கேள்வி எனக்கும்தான்.

“அவங்க நம்மளப் பாக்கல மக்களே,” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். “ஓட்டை சின்னதா இருந்துச்சு,” என்றாள். பிறகு, “கதவைத் தொறந்து பாத்திருக்கலாம்லா?” என்றாள்.