கொடுத்த கையும் பறித்த கையும்

ஒருவனுக்கு மாலை போடுகிறோம். பிறகு அவன் கொடியவன் என்று தெரிகிறது. போட்ட மாலையைக் கழற்றிக்கொள்வது நியாயந்தானா? நியாயம் என்றுதான் நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். பிரிட்டன் அயல்நாட்டுத் தலைவர்களுக்குக் கொடுத்துப் பறித்த பட்டங்களின் கதையைப் படித்த பிறகு, அவ்வளவு சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ருமேனியாவின் சௌஷெஸ்கு 1978-ல் லண்டனுக்கு வந்தார். அரண்மனையில் விருந்து வைத்துக் கௌரவ நைட் பட்டமும் அளித்தார்கள். அவருடைய நாட்டில் ரகசியப் போலீசுக்கு அஞ்சி ஜனங்கள் வாய் பொத்தி வாழ்ந்தது அன்றைக்கே தெரிந்த விஷயந்தான். ஆனால் அவர் மாஸ்கோவுக்கு முழுக்க அடங்காத கம்யூனிஸ்டு. ஆகவே மேற்கு நாடுகளுக்கு வேண்டியவர். பட்டத்தைப் பறித்தது 1989 டிசம்பர் 24-ந் தேதி. அதற்கு முன்பே அவர் தலைநகரை விட்டு ஓடிப் பிடிபட்டுவிட்டார். மறுநாள் சுட்டுக் கொன்றார்கள். செத்த பாம்பை அடித்த வீரம் அது!

ஜிம்பாப்வேயின் முகாபே கதை இன்னும் கசப்பானது. 1983-லிருந்து மாட்டபெலேலாந்தில் அவருடைய படை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1984-ல் எடின்பரோ சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அந்த ரத்தம் தொலைவில் சரியாகத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் கழித்து, 1994-ல், பிரிட்டன் கௌரவ நைட் பட்டம் கொடுத்ததே, அப்போதும் தெரியவில்லையா? சர்வகலாசாலை 2007-லும், அரசாங்கம் 2008-லும் பட்டங்களைத் திரும்பப் பெற்றன. 2008 தேர்தலில் எதிர்க்கட்சியினர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். பறித்ததற்கு அது தக்க காரணந்தான். ஆனால் முன்னே மாண்டவர்களின் உயிர் ஏன் அன்று காரணமாகவில்லை?

அப்படியானால் பறிக்காமலே விட்டுவிடலாமா? கூடாது. மகனைப் பறிகொடுத்த மாட்டபெலேலாந்துத் தாய் ஒருத்தியை நினைத்துப் பார்க்கிறேன். கொன்றவன் மார்பில் பதக்கம் இருக்கிற வரையில் உலகம் அவன் பக்கம் நிற்கிறது என்றுதானே அவளுக்குப் படும்? அவளுக்காகவாவது பறித்துத்தான் ஆக வேண்டும்.

பறிப்பதில் பிசகில்லை. பறித்ததோடு கை கழுவிவிடுவதில்தான் பிசகு. ஒரு பட்டத்தில் இரண்டு பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள்: வாங்கினவர் ஒருவர், கொடுத்தவர் ஒருவர். பறிக்கும்போது வாங்கினவருடைய குற்றம் மட்டும் ஊரறியப் பேசப்படுகிறது. கொடுத்தவர், ஏதோ ஏமாந்துபோன அப்பாவி போல, பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்து அடுத்த பட்டத்துக்கு ஆள் தேடுகிறார்.

கணக்கெழுதுகிறவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தப்பாக எழுதிவிட்ட தொகையைச் சுரண்டி அழிக்க மாட்டார்கள். பழைய எண் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கோடு கிழித்து, சரியான எண்ணை மேலே எழுதி, பக்கத்தில் தங்கள் கையெழுத்தைப் போடுவார்கள். பட்டத்தைப் பறிக்கிறவர்களும் அப்படிச் செய்யட்டும். 'இன்ன வருஷம் இவருக்குக் கொடுத்தோம். இன்னது தெரிந்திருந்தும் கொடுத்தோம். எங்கள் பிழை' என்று எழுதிக் கையெழுத்திடட்டும். அடுத்த மாலையைக் கையில் எடுக்கும்போது அந்தக் கையெழுத்து அவர்களைக் கொஞ்சம் தயங்க வைக்கும்.