திருத்தும் கைக்கு எல்லை எது?

மாணாக்கர் எழுத்தைத் திருத்துவது ஆசிரியரின் கடமை, பெற்றோரின் உரிமை. இதனை மறுப்பார் எவருமில்லை. ஆயின், அத்திருத்தம் எவ்விடத்தில் நின்றுவிட வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பிள்ளையின் பிழையைக் களைகிறோம் என்று தொடங்கும் கை, பிள்ளையையே களைந்துவிடும் இடமும் ஒன்று உண்டன்றோ?

பதினொன்று முதல் பதினான்கு வயதுவரையுள்ள நடுநிலைப் பள்ளிப் பருவத்தில் இவ்வினா கூர்மை பெறுகிறது. அப்பருவத்துப் பிள்ளைக்குச் சொல்வதற்கென்று சொந்தமாக ஒரு செய்தி பிறந்திருக்கும். அதைப் பிறர் முன் வைக்கும் ஆவல் ஒருபுறம். நகைப்பார்களோ என்னும் கூச்சம் மறுபுறம். அந்நிலையில் மூத்தவர் இடும் ஒரு சிவப்புக் கோடு அப்பிள்ளையை மேலும் எழுத வைக்கவும் கூடும். இனி எழுதவே வேண்டாம் என்று ஒதுங்க வைக்கவும் கூடும்.

பள்ளி ஆண்டு விழாக்களிலும் மீலாது விழாக்களிலும் நடைபெறும் கட்டுரை, பேச்சுப் போட்டிகளை நாம் அறிவோம். பிள்ளை எழுதியதைத் தந்தை ஒருமுறை திருத்துவார். மாமா மறுமுறை மெருகேற்றுவார். ஆசிரியர் முன்னும் பின்னும் அடுக்குமொழிகளைச் சேர்ப்பார். மேடையில் ஒலிப்பது பிள்ளையின் குரல், சொற்களோ மூவருடையவை. பரிசுடன் வீடு திரும்பும் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் யாது? தன் சொந்தச் சொல் சபைக்கு உதவாது என்பதே. இன்றோ, மூத்தவர்க்கும் வேலை வைக்காமல் கணினியே நொடியில் கட்டுரை எழுதித் தந்துவிடுகிறது. எனவே இவ்வினா முன்னிலும் கடுமையாகிவிட்டது.

இதனை நேர்மையோடு எதிர்கொண்டவர்களுள் ருஷ்யப் பேரறிஞர் டால்ஸ்டாய் ஒருவர். ‘போரும் வாழ்வும்’ எனும் பெருங்காவியத்தை எழுதுமுன்பே, 1859இல், தம் ஊரான யாஸ்னயா போல்யானாவில் உழவர் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை அவர் தொடங்கினார். அங்கு ஒருநாள் ஒரு பழமொழியைக் கொடுத்து, அதற்கேற்பக் கதை எழுதச் சொன்னார், தாமும் எழுதலானார். முதற்பக்கம் அவருடையது. பின்னர்ப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டனர். ஃபேத்கா, செம்கா எனும் சிறுவர் இருவர் சொல்லச் சொல்ல, அவர் எழுதுபவரானார்.

கதையில் வரும் ஓர் உழவர், பெண்கள் அணியும் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்ததாக ஃபேத்கா சொன்னான். ஆடவர் அங்கி என்றால் ஆகாதோ எனக் கேட்டதற்கு, இதுவே பொருத்தம் என உறுதியாக நின்றான். கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு புறப்படும் எளிய வீட்டு மனிதரை அவ்வொரு சொல் கண்முன் நிறுத்திவிட்டதை டால்ஸ்டாய் உணர்ந்தார். 1862இல் தம் கல்வி இதழில் இந்நிகழ்ச்சியை விவரித்தபோது, எழுதக் கற்க வேண்டியவர்கள் உழவர் பிள்ளைகளா, நாமா என்னும் வினாவையே தலைப்பாக்கினார். தாம் எழுதிய முதற்பக்கம் மற்றப் பக்கங்களோடு ஒட்டாமல் நிற்பதையும் மறைக்கவில்லை.

அந்த மேலங்கியை ‘முறையான’ அங்கியாகத் திருத்தியிருந்தால் இலக்கணம் கெட்டிராது, கதை செத்திருக்கும்.

அப்படியாயின் பிள்ளைகளின் எழுத்தைத் தொடாமலே விட்டுவிடுவதுதான் அறமோ என ஒருவர் கேட்கலாம். அதுவும் அறமன்று. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குச் சீரிய மொழி வீட்டுப் பேச்சிலேயே கிடைத்துவிடுகிறது. ஏழைப் பிள்ளைக்கு அதைத் தரவல்லது பள்ளி ஒன்றே. “உன் எழுத்து அப்படியே அழகு” என்று புகழ்ந்து அனுப்பிவிட்டால், நாளை விண்ணப்பம் எழுதவும் வழக்குரைக்கவும் இயலாமல் அப்பிள்ளைதான் தலைகுனியும். குரலைப் பறிப்பது ஒரு கொடுமை. குரலுக்குக் கருவி தர மறுப்பது மற்றொரு கொடுமை. இவ்விரண்டுக்கும் இடையே வழி உண்டா?

வழி கண்டவர்களுள் ஒருவர் செலஸ்தீன் ஃப்ரெனே எனும் பிரெஞ்சு ஆசிரியர். முதல் உலகப் போரில் நுரையீரலில் காயமுற்ற அவர், 1924இல் பார்-சுர்-லூ எனும் சிற்றூரில் தம் வகுப்பறைக்குள் ஒரு சிறு அச்சுப் பொறியைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் தாம் விரும்பியதை எழுதினர். எதனை அச்சிடுவது என்பதை வகுப்பே வாக்களித்துத் தேர்ந்தது. எழுதியவனைக் கேட்டுக் கேட்டு, அனைவரும் கூடி அதனைச் செப்பம் செய்தனர். பின்னர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிட்டனர். 1926 முதல் நாட்டின் மறுகோடியில், பிரிட்டனிக் கரையிலுள்ள ஒரு பள்ளிக்கு அவை அனுப்பப்பட்டன. அங்கிருந்தும் எழுத்துகள் வந்தன. எங்கோ தொலைவில் ஒரு பிள்ளை இதைப் படிக்கப் போகிறது என்னும் நினைவு ஆசிரியரின் மதிப்பெண்ணைவிடப் பெரிய ஆசானாயிற்று. பிழை திருத்துவது தண்டனையாக இல்லாமல், விருந்தினர் வருமுன் வீட்டைக் கூட்டுவது போன்ற இயல்பான செயலாயிற்று.

ஃப்ரெனேயின் வழியைத் தழுவிய இத்தாலிய ஆசிரியர் மாரியோ லோடி, 1963இல் பார்பியானா எனும் மலைச் சிற்றூருக்குச் சென்றார். ஃபிளாரன்ஸ் நகருக்கு வடகிழக்கே உள்ள அவ்வூரில், லொரென்சோ மிலானி எனும் பாதிரியார் ஏழைக் குடியானவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவந்தார். இத்தாலியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையான நடுநிலைப் பள்ளியை நிறுவிய சட்டம் 1962இன் இறுதியில்தான் பிறந்திருந்தது. கதவு திறந்த பின்னும், ஏழைப் பிள்ளைகள் தேர்வுகளில் தள்ளப்பட்டு வெளியேறிக்கொண்டேயிருந்தனர். அவ்வநீதியைக் குறித்துப் பார்பியானா மாணவர் எண்மர் சேர்ந்து எழுதிய ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ எனும் நூல் 1967 மே மாதம் வெளிவந்தது. மறு மாதமே மிலானி தம் 44ஆம் வயதில் காலமானார். நூலோ பல மொழிகளுக்குப் பரவிற்று.

அதை அவர்கள் எழுதிய முறையே நாம் கருத வேண்டியது. தோன்றும் எண்ணம் ஒவ்வொன்றையும் ஒரு தனித் தாளில் குறித்தனர். தாள்களையெல்லாம் மேசைமீது பரப்பி, ஒரே கருத்தை இருமுறை சொன்னவற்றை நீக்கி, இனம் இனமாக அடுக்கி, ஒழுங்கு கண்டனர். பின்னர், வேண்டாத சொல், கடினமான சொல், நீண்டு போன வாக்கியம் ஆகியவற்றை யார் மிகுதியாகக் கண்டுபிடிப்பது என்று போட்டியிட்டு நீக்கினர். இறுதியில், மிகுதியாகப் பள்ளியில் படித்திராத வெளியார் சிலரை அழைத்துப் படிக்கச் சொல்லி, தாம் கருதியதுதான் அவர்க்கு விளங்கிற்றா என்று பார்த்தனர். அவர்கள் வகுத்துக்கொண்ட ஒரு விதி பொன்னெழுத்துகளில் பொறிக்கத் தக்கது: தெளிவுக்காகச் சொல்லப்படும் யோசனையை ஏற்பது; ‘இதைச் சொன்னால் வம்பு’ என்று அச்சத்தால் சொல்லப்படும் யோசனையை மறுப்பது.

நாம் தேடிய எல்லை இதுவே எனத் துணிந்து கூறலாம். பிள்ளை சொல்ல நினைத்ததைப் படிப்பவர்க்கு விளங்கச் செய்யும் திருத்தம் பிள்ளைக்குச் செய்யும் தொண்டு. பிள்ளை சொன்னது நம் குடும்பத்தின் கௌரவத்துக்கோ பள்ளியின் பெயருக்கோ ஏற்றதாகத் தோன்றவில்லை என்பதற்காகச் செய்யும் திருத்தம், நமக்கு நாமே செய்துகொள்ளும் அலங்காரம். முன்னதில் எழுத்து பிள்ளையிடமே எஞ்சுகிறது. பின்னதில் பிள்ளையின் பெயர் மட்டுமே எஞ்சுகிறது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது அத்துணைக் கடினமன்று. திருத்திய தாளைப் பிள்ளையிடம் கொடுத்து, “இச்சொல்லை ஏன் இங்கே வைத்தாய்?” என்று ஒருவர் வினவட்டும். பிள்ளையால் விடை கூற இயலுமாயின் அச்சொல் அதனுடையது. “அத்தா எழுதச் சொன்னார்கள்” என்பதே விடையாயின், அச்சொல்லை எடுத்துவிடுவதே நேர்மை. கணினி தந்த சொல்லுக்கும் இதே உரைகல் பொருந்தும்.

ஆதலின், அடுத்த முறை பிள்ளை தன் எழுத்தை நீட்டும்போது, பேனாவைத் திறக்குமுன் முழுவதையும் படிப்போம். விளங்காத இடத்தைச் சுட்டி, “இங்கே என்ன சொல்ல வந்தாய்?” என்று கேட்போம். அது வாயால் சொல்லும் விடை பெரும்பாலும் தாளில் உள்ளதைவிடத் தெளிவாக இருக்கும். அதையே எழுதச் சொல்வோம். எழுதி முடித்ததைப் பாட்டியார்க்கோ, அண்டை வீட்டார்க்கோ, கடல் கடந்து உழைக்கும் சிறிய தந்தைக்கோ பிள்ளையே படித்துக் காட்ட வழி செய்வோம். பரிசு கிடைக்காமற் போகலாம். ஆயினும், தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்கும் ஒரு மனிதர் நம் இல்லத்தில் வளர்வார்.