பேரக்குழந்தையைக் கண்ட பிறகு

மனித வாழ்வை நான்கு ஆசிரமங்களாகப் பகுத்த நம் முன்னோர், இல்லறத்தான் தன் பொறுப்புகளை எப்போது இறக்கி வைக்கலாம் என்பதற்கும் ஓர் அடையாளம் கூறினர். தோலில் சுருக்கமும் தலையில் நரையும் கண்டு, தன் மகவுக்கு ஒரு மகவு பிறந்ததையும் கண்டவன் வனத்தை நாடலாம் என்கிறது மனு ஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயம். பேரக்குழந்தை பிறந்துவிட்டால் குலம் தொடர்கிறது; இனி மூத்தவர் தம் மனத்தை உள்முகமாகத் திருப்பலாம் என்பது இதன் கருத்து.

இன்று பல இந்தியக் குடும்பங்களில் அதே பேரக்குழந்தையின் வருகை வேறொரு பயணத்தின் தொடக்கமாக அமைகிறது. மகளோ மருமகளோ அமெரிக்காவில் கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வந்ததும், அறுபது வயதைக் கடந்த தாய் விசாவுக்கு விண்ணப்பிக்கிறாள். ஓய்வு தொடங்க வேண்டிய வயதில், நள்ளிரவில் குழந்தையின் அழுகுரல் கேட்டு எழும் பணி மீண்டும் தொடங்குகிறது. இது கடமையா, அன்பா, அல்லது விட முடியாத பற்றா? இதைப் பெற்றுக்கொள்ளும் இளைய தலைமுறையின் தர்மம் என்ன?

இடம் மாறிய தாய்வீடு

தலைப்பிரசவத்திற்குப் பெண் தாய்வீட்டிற்கு வருவது நம் நாட்டின் பல பகுதிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். தமிழகத்தில் வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்து வருவார்கள். அங்கே தாய் தன் சொந்த வீட்டில், தன் சமையலறையில் இருந்தாள். பத்தியத்திற்கு வேண்டிய பூண்டும் சுக்கும் மிளகும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டப் பழகிய ஒரு மூதாட்டி வருவாள். தாய் சற்றுக் கண்ணயர்ந்தால், தொட்டிலை ஆட்ட அண்டை வீட்டாரோ உறவினரோ இருந்தனர். பல கைகள் பகிர்ந்துகொண்டதால் அந்தப் பணியின் பளு எவர் ஒருவர் மீதும் முழுவதுமாக விழவில்லை.

வெளிநாட்டில் இவ்வழக்கம் தலைகீழாகிறது. மகள் தாய்வீட்டிற்கு வருவதற்குப் பதிலாகத் தாய் மகளின் வீட்டிற்குச் செல்கிறாள். விமானம் ஏறுவது தாய் மட்டுமே. அவளோடு தோள்கொடுத்த ஊரும் உறவும் உடன் வருவதில்லை. கார் ஓட்டத் தெரியாத அவளால், வெளியே பனி பெய்யும் மாதங்களில் கடைக்கோ கோயிலுக்கோ தனியாகச் செல்ல இயலாது. பல குடும்பங்களில் அவளுடைய கணவர் ஊரில் தனியே உணவருந்திக்கொண்டிருப்பார்.

இளையவர்களின் நெருக்கடியும் பொய்யன்று. அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம், 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில், ஓராண்டேனும் பணியாற்றியிருத்தல் போன்ற தகுதிகளை உடையவர்களுக்கு 12 வார விடுப்பைத்தான் உறுதி செய்கிறது. அதற்கும் ஊதியம் தர வேண்டும் என்று அச்சட்டம் கூறவில்லை. இந்தியாவிலோ மகப்பேறு நலச் சட்டத்தின் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. மூன்று மாதக் குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டிய ஒரு பெண், தன்னைப் பெற்றவளை நினைப்பதைச் சுயநலம் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

கடனும் கொடையும்

ஆயினும் தேவை உண்மையானது என்பதால் மட்டும் ஒன்று உரிமையாகிவிடாது. தைத்திரீய சம்ஹிதை மூன்று கடன்களைப் பற்றிப் பேசுகிறது. அவற்றுள் முன்னோருக்குரிய கடன், மக்களைப் பெறுவதால் தீர்கிறது என்று அது கூறுகிறது. பெற்றவர்களிடமிருந்து பெற்றதை நாம் பெற்ற பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். இந்தக் கணக்கின்படி பார்த்தால், பாட்டியும் தாத்தாவும் தம் மக்களை வளர்த்து ஆளாக்கியபோதே தம் கடனைச் செலுத்திவிட்டார்கள். பேரக்குழந்தைக்காக அவர்கள் இப்போது செய்வது முழுவதும் கொடை. நம் நாட்டில் 2007-இல் இயற்றப்பட்ட பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும், முதுமையில் பெற்றோரைப் பேணும் பொறுப்பைப் பிள்ளைகளுக்கு உரியதாக்குகிறது. பேரக்குழந்தையை வளர்க்கும் பொறுப்பை முதியோர் மீது அது சுமத்தவில்லை.

கடனைத் திருப்பிக் கேட்கலாம். கொடையைக் கேட்டுப் பெற வேண்டும். இந்த வேறுபாடு வீட்டில் எப்படி வெளிப்படும்? இரண்டு வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். இரண்டிலும் மகளும் மருமகனும் மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்புகிறார்கள். இரண்டிலும் தாய் பகல் முழுவதும் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, சமையலையும் முடித்திருக்கிறாள். ஒரு வீட்டில் இருவரும் உண்டுவிட்டுத் தத்தம் கணினியின் முன் அமர்கின்றனர். மற்றொரு வீட்டில் மருமகன் கை கழுவிவிட்டு வந்து, “அத்தை, குழந்தையை என்னிடம் கொடுங்கள். நீங்கள் சற்றுப் படுங்கள், இரவு நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான். தாய் பகலில் செய்த வேலை இரண்டு வீடுகளிலும் ஒன்றே. ஆனால் முதல் வீட்டில் அவள் ஊதியமில்லாத பணியாள். இரண்டாம் வீட்டில் அவள் தாய்.

“என் பேரனுக்குச் செய்வதில் எனக்கென்ன சிரமம்?” என்று முதல் வீட்டுத் தாயும் சொல்லக்கூடும். அது அவளது பெருந்தன்மை. கொடுப்பவர் கணக்குப் பார்க்காதது அன்பின் இயல்பு. அதைக் காரணமாக்கிப் பெறுபவரும் கணக்கை மறந்தால் அது நன்றியின்மை. திருவள்ளுவர் செய்ந்நன்றியறிதலை இல்லறவியலில்தான் வைத்தார். அந்த நன்றி அயலாருக்கு மட்டும் உரியதன்று. முதலில் அது சொந்த வீட்டில் பழகப்பட வேண்டும்.

பற்றின்றிப் பேணுதல்

மூத்தவர்களுக்கும் இங்கே ஒரு சாதனை காத்திருக்கிறது. பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரை நீரோ தொட்டு வைப்பது பல வீடுகளில் வழிவழியாக வந்த வழக்கம். ஓராண்டு நிறையும் வரை தேன் கூடாது, முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பாலே போதும், குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே உறங்கச் செய்ய வேண்டும் என்கின்றனர் இன்றைய மருத்துவர்கள். “உன்னையும் இப்படித்தான் வளர்த்தேன்” என்ற சொல் அப்போது தாயின் நாவில் எழுவது இயல்பு. அதை அடக்கிக்கொண்டு, குழந்தையின் நலனையே முன்னிறுத்துவது எளிதன்று. மகளும் அதைப் பிறர் முன்னிலையில் திருத்தமாகச் சொல்லாமல், தனிமையில் பணிவோடு எடுத்துரைக்க வேண்டும். அன்பில் ‘நான் சொன்னபடி நடக்க வேண்டும்’ என்ற பிடிவாதம் கலக்கும்போது அது உடைமை உணர்வாகிவிடுகிறது.

பின்னர் விடைபெறும் நாள் வருகிறது. சுற்றுலா விசாவில் செல்வோருக்கு அமெரிக்கா பொதுவாக ஆறு மாதங்கள் வரையே தங்க அனுமதி அளிக்கிறது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவும், குரலை அடையாளம் கண்டு திரும்பவும் கற்றுக்கொண்ட பருவத்தில் பாட்டி விமான நிலையத்திற்குச் செல்ல வேண்டியிருக்கிறது. இத்தனை இரவுகள் தோளில் சுமந்த அந்தக் குழந்தை வளர்ந்த பின் இந்த மாதங்களில் எதையும் நினைவில் வைத்திருக்காது. எவருக்கும் தம் முதல் ஆண்டு நினைவில் இருப்பதில்லை.

பலனில் உரிமை கோராமல் செயலைச் செய் என்று கீதை காட்டும் நெறி இதைவிடத் தெளிவாக வேறெங்கே விளங்கும்? நினைவுகூட வைத்திருக்க இயலாத ஓர் உயிருக்காக உழைத்துவிட்டு, அதை அதன் பெற்றோரிடமே ஒப்படைத்து, மனக்குறையின்றித் திரும்புகிறவள், காட்டிற்குச் செல்லாமலே வானப்பிரஸ்தத்தின் உட்பொருளை அடைந்தவள். வனம் என்பது ஓர் இடம் என்பதைவிட, ‘என்னுடையது’ என்ற பிடி தளர்ந்த மனநிலை என்று கொள்வதே பொருந்தும்.

குழந்தைக்கு நினைவிராது, ஆனால் அதன் பெற்றோருக்கு நினைவிருக்க வேண்டும். குழந்தையின் சார்பில் நன்றியைக் காத்து வைக்க வேண்டியவர்கள் அவர்களே. சில ஆண்டுகளுக்குப் பின் ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரலாம். அந்தத் தாய்க்கு முழங்கால் அறுவை சிகிச்சை என்றோ, தந்தை தனியே மருத்துவமனையில் இருக்கிறார் என்றோ அது சொல்லலாம். விடுப்பு கிடைப்பது அப்போதும் கடினமாகவே இருக்கும். பயணச்சீட்டின் விலையும் குறைந்திராது. ஒரு காலத்தில் தாய் தன் சிரமங்களை எண்ணாமல் விமானம் ஏறியதைப் போல, பிள்ளைகள் தம் சிரமங்களை எண்ணாமல் புறப்படுகிறார்களா என்பதில்தான் அவர்கள் பெற்ற கொடையின் மதிப்பை உணர்ந்தார்களா என்பது தெரியவரும்.